அது அடுத்த பாடத்தில் வரும்

மனித குலம் அறிவைத் தேடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பெரிய அவமானமும் அதன் கூடவே வந்துகொண்டிருக்கிறது. எதைக் கற்க வேண்டுமானாலும் யாராவது ஒருவர் முன்னால் கைகட்டி உட்கார வேண்டும். அவர் கேள்வி கேட்பார். பதில் தெரியாவிட்டால் முறைப்பார். தெரிந்தாலும் முறைப்பார். இந்த இழிநிலையிலிருந்து மானுடத்தை மீட்ட மாமனிதர், குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் தரைத்தளத்தில், புகார்ப் பிரிவு ஜன்னலுக்குப் பின்னால், ஒரு பக்கம் சாய்ந்துபோன சுழல்நாற்காலியில் எந்த ஆரவாரமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆசிரியர் என்று ஒருவரும் கிடையாது. இதை வாசகர்கள் கதை முடியும்வரை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் புகார்ப் பிரிவின் கண்காணிப்பாளர். நாமும் அவரைக் கண்காணிப்பாளர் என்றே அழைப்போம். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் அழைப்பார். இரண்டு காது, அவற்றில் செருகிக்கொள்ள இயர்போன், ஒரு கைபேசி, இவ்வளவுதான் அவருடைய மூலதனம். இணையத்தில் பேராசிரியர்கள் இலவசமாக வாரி வழங்கும் விரிவுரைகளையும், அறிவுலகப் பெருமக்கள் நடத்தும் பாட்காஸ்ட்களையும், பல் துலக்கத் தொடங்கியதிலிருந்து படுக்கையில் சாயும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கருந்துளை, தேனீக்களின் நிர்வாகம், உப்பின் வரலாறு, பேரம் பேசும் கலை என்று அவர் கைவைக்காத துறை இல்லை. சரியாக மூச்சு விடுவது எப்படி என்று ஒரு மருத்துவர் பேசியதைக் கேட்டபோது, பிறந்ததிலிருந்து தான் தப்பும் தவறுமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது தெரிந்து இரண்டு நாள் மனமுடைந்து கிடந்தார்.

ஒரே மனிதர் இத்தனையையும் எப்படிக் கற்க முடியும் என்று பொறாமைக்காரர்கள் கேட்பார்கள். கண்காணிப்பாளரிடம் அதற்கு ஒரு முறை இருந்தது. எந்தத் தொடராக இருந்தாலும் அவர் முதல் பாடத்தை மட்டும்தான் கேட்பார். "சாரமெல்லாம் முதல் பாடத்துலயே வந்துடும். அப்புறம் வர்றதெல்லாம் தண்ணி ஊத்தி நீட்டறதுதான்," என்பார். குடிநீர் அலுவலகத்துக்காரரே தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது யார் மறுக்க முடியும்? அந்த முதல் பாடத்தையும் இரட்டை வேகத்தில்தான் கேட்பார். அந்த வேகத்தில் எல்லாக் குரலும் ஒரே குரல்தான். யாரோ ஒருவர் பேருந்தைப் பிடிக்க ஓடிக்கொண்டே பேசுவதுபோல் இருக்கும்.

போதாததற்கு, எல்லா நிகழ்ச்சியிலும் முதல் அரை நிமிடத்தைத் தாண்டிவிடுவார். அங்கேதான் இசை வரும், 'வணக்கம், நான் இன்னார்' என்று பேசுபவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார். ஆள் யாராக இருந்தால் என்ன, அறிவுதானே முக்கியம்? ஆகவே அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர் பெயர்கூட அவருக்குத் தெரியாது. நன்றி சொல்ல வேண்டிய தொல்லையே இல்லாத கல்வி.

தேநீர் இடைவேளையில் தட்டச்சர் அக்கா ஒருமுறை அவரிடம் சந்தேகம் கேட்டார்.

"சார், கருந்துளைக்குள்ள ஒருத்தன் விழுந்துட்டான்னு வைங்க. அப்புறம் அவன் கதி என்ன?"

கண்காணிப்பாளர் கண்ணை மூடித் திறந்தார். "நல்ல கேள்வி," என்றார். "அது அடுத்த பாடத்துல வரும்."

அக்கா மெய்சிலிர்த்துப் போனார். அன்றிலிருந்து அந்த வாக்கியம் அலுவலகம் முழுவதும் பரவியது. உடைந்த குழாயை எப்போது சரிசெய்வீர்கள் என்று பொதுமக்கள் கேட்டால், குழாய் பொருத்துபவர்கூட அதே பதிலைத்தான் சொன்னார்.

புகார் ஜன்னலில் அவர் ஆற்றிய பணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குச் சலவைக் கடைக்காரரே சாட்சி. அவர் கடை இருக்கும் தெருவில் வெகுகாலமாகத் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் இல்லாமல் சலவைக் கடை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதை விளக்க அவர் வாரம் தவறாமல் வந்தார்.

"சார், துணி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. கல்யாண மாப்பிள்ளை ஒருத்தரோட கோட்டு அழுக்கோட மாட்டிக்கிட்டு இருக்கு. கல்யாணமே முடிஞ்சு போச்சு சார்!"

கண்காணிப்பாளர் புருவத்தை உயர்த்தினார். கன்னத்தில் கைவைத்தார். நெஞ்சு நிறையப் பெருமூச்சு விட்டார், அதையும் சரியான முறையில் விட்டார். பிறகு மெல்ல, ஆழமாகத் தலையாட்டினார். அப்போது அவர் காதுக்குள் ஒரு பேராசிரியர், ராணித் தேனீ எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். சலவைக் கடைக்காரருக்கு அது எப்படித் தெரியும்? அவர் கண் கலங்கிவிட்டது.

"எத்தனையோ ஆபீஸ் ஏறி இறங்கிட்டேன் சார். காது கொடுத்துக் கேட்ட ஒரே அதிகாரி நீங்கதான். தண்ணி வருதோ இல்லையோ, மனசு நிறைஞ்சு போச்சு," என்று சொல்லிவிட்டு, அழுக்கு மூட்டைகளிடம் திரும்பிப் போனார்.

இப்படித்தான் அந்த அலுவலகத்தில் 'அதிருப்தி' என்ற சொல்லே வழக்கொழிந்தது. குழாயில் தண்ணீர் வராத ஊரில் ஒரு மனத்தாங்கல்கூட வரவில்லை என்றால் அது சாதாரணச் சாதனையா? மேலாளர் வியந்தார். அதன் ரகசியம் கண்காணிப்பாளரின் காதுகளில் இருப்பதைக் கண்டுபிடித்தார். உடனே 'கற்கும் அலுவலகம்' என்ற மாபெரும் திட்டம் பிறந்தது. ஊழியர் அனைவருக்கும் இயர்போன் வழங்கப்பட்டது. வெள்ளிக்கிழமைதோறும் நான்கு மணிக்கு 'கேட்பரங்கம்' என்ற கூட்டம் நடந்தது. யாராவது ஒருவர் தான் கேட்ட சிறந்த நிகழ்ச்சியை அறிமுகம் செய்வார். பிறகு எல்லோரும் கூடி அதைக் கேட்பார்கள். மேலாளர் ஆர்வம் மிகுந்து, தலைமுடியைக் காது மறையும் அளவுக்கு வளர்த்துக்கொண்டார். கலையார்வம் என்று ஊழியர்கள் நினைத்தார்கள்.

இவ்வளவு பெரிய மனிதருக்கு வீட்டில் மட்டும் சரியான ஒத்துழைப்பு இல்லை. அறிவாளிகளின் வாழ்க்கையில் இது சகஜம்.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் பல்செட் செய்பவர். பல் போனவர்களின் வாய்க்கு அச்செடுத்து, அளவு பார்த்து, இழைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடியும் இழைக்கிற வேலை. பொறுமைசாலி. அவருக்குச் சில வாரங்களாகக் கணவரிடம் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது.

"என்னங்க, ஒரு முக்கியமான விஷயம்."

கண்காணிப்பாளர் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த வீட்டில் எல்லோருக்கும் பழக்கப்பட்ட விரல் அது. 'ஒரு நிமிஷம், முடியப்போகுது' என்று பொருள். எதுவும் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை; ஒன்று முடிந்தால் அடுத்தது தானாகவே தொடங்கிவிடும்.

மறுநாள் மனைவி விரலுக்குக் காத்திருக்காமல் அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்க ஆஸ்பத்திரி வேற ஊர்ல கிளை திறக்கறாங்க. அங்க லேபுக்கு என்னையே பொறுப்பா போடறாங்க. இத்தனை வருஷம் ஊராருக்குப் பல்லு பண்ணிக்கிட்டு, நான் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்ததுக்கு இப்பதான் பலன் கிடைச்சிருக்கு. உங்க ஆபீஸுக்கும் அந்த ஊர்ல கிளை இருக்காம், விசாரிச்சேன். நீங்க மாற்றல் கேட்டா மூணு பேருமா போயிடலாம். கேப்பீங்களா?"

புருவம் உயர்ந்தது. கை கன்னத்துக்குப் போனது. தலை மெல்ல, ஆழமாக ஆடியது.

"ரொம்ப முக்கியமான கருத்து," என்றார்.

மனைவியின் முகம் மலர்ந்தது. "அப்ப கேக்கறீங்களா?"

"எரிமலைக்கு நாம நினைக்கிற மாதிரி கோபமெல்லாம் கிடையாதாம்," என்றார் கண்காணிப்பாளர். "உள்ள இருக்கறதை வெளியில சொல்ல வழி இல்லாமத்தான் அது வெடிக்குதாம்."

மனைவி எழுந்து நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டார்.

மகள் அம்மாவைவிடப் புத்திசாலி. அப்பாவுடன் பேச அவள் தனி வேகத்தைப் பழகி வைத்திருந்தாள். "அப்பாநாளைக்குஸ்கூல்லமீட்டிங்நீங்களும்வரணும்னுமிஸ்சொன்னாங்க" என்று ஒரே மூச்சில் சொல்வாள். அப்படிச் சொன்னால் சில சமயம் அவர் திரும்பிப் பார்த்தது உண்டு. பழக்கம் முற்றி, பள்ளிக்கூடத்திலும் பாடத்தை அப்படியே ஒப்பிக்கத் தொடங்கியதால்தான் அந்தக் கூட்டமே ஏற்பாடாகியிருந்தது. அம்மா மட்டும் போய்வந்தார். ஒரு குழந்தை தன் சொந்த அப்பாவைப் பிடிக்க வாயாலேயே ஓட வேண்டியிருப்பதை அவர் ஆசிரியையிடம் எப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைத்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் இது பாராட்டுக் கதை, மேலே போவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்காணிப்பாளர் கூடத்தில் உட்கார்ந்து பேரம் பேசும் கலையைக் கற்றுக்கொண்டிருந்தார். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவும் மகளும் நெடுநேரம் எதையோ பேசுவதும், நிறுத்துவதும், முதலிலிருந்து பேசுவதுமாக இருந்தார்கள். அவருக்கு அது கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் பெட்டிகள் நிரம்பின. அலமாரியில் ஒரு பக்கம் காலியானது. வீடு விசாலமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. மூச்சுப் பயிற்சியின் பலன் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மகள் அவர் கைபேசியை வாங்கி எதையோ தட்டிக் கொடுத்தாள். "அப்பாபுதுநிகழ்ச்சிமுதல்பாடம்இன்னிக்கேகேளுங்க" என்றாள்.

புதுசு, முதல் பாடம், இலவசம். வேறென்ன வேண்டும்? நிகழ்ச்சியின் பெயர் 'வீட்டில் ஒருவர்'. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் கண்காணிப்பாளர் வழக்கம்போல் முதல் அரை நிமிடத்தைத் தாண்டினார், வேகத்தை இரட்டிப்பாக்கினார், கண்ணை மூடினார். யாரோ ஒருவர் ஓடிக்கொண்டே பேசினார்:

"அவரு நல்லவருதான். குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு, கத்த மாட்டாரு. வீட்டுல ஒரு நல்ல அலமாரி இருந்தா எப்படி இருக்குமோ அப்படி இருப்பாரு. அலமாரியாவது திறந்தா கிறீச்சுனு ஒரு சத்தம் போடும். இவருகிட்ட எது சொன்னாலும் ஒரு விரலைத் தூக்குவாரு. கல்யாணமான புதுசுல அந்த விரலைப் பிடிச்சிக்கிட்டுத்தான் நான் ரோட்டைக் கடப்பேன். இப்ப அதைப் பாத்தாலே ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுடறேன்..."

கண்காணிப்பாளர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன மனிதன் அந்தக் கணவன்! மனிதனா அவன்? அலுவலகம் வந்து சேர்ந்து, ஜன்னலைத் திறந்து உட்கார்ந்த பிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை.

"சார், நம்ம தெருத் தண்ணி விஷயமா..." என்றார் ஜன்னலுக்கு வெளியே சலவைக் கடைக்காரர்.

கண்காணிப்பாளர், மனைவியிடம் விரலைத் தூக்கிக் காட்டும் அந்தக் கொடியவனை நினைத்துக் கொதித்தபடியே, சலவைக் கடைக்காரரிடம் விரலைத் தூக்கிக் காட்டினார்.

"...இன்னிக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அஞ்சரை மணி பஸ்ஸுல நானும் பொண்ணும் கிளம்பறோம். மூணு டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன். அவரு வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. நேர்ல எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்தேன். வேற வழி தெரியல, அதான் இதுல கூப்பிடறேன். நன்றி, வணக்கம்."

கண்காணிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். அதோடு நிற்காமல் கீழே கருத்தும் எழுதினார்: 'மிகச் சிறப்பு. இப்படிப்பட்ட கணவன்மார்கள் வெட்கித் தலைகுனிய வேண்டும். கேட்கத் தெரிந்த ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய பாடம்.' அன்றைய கேட்பரங்கத்தில் தான் அறிமுகம் செய்யப்போவது இதைத்தான் என்று மேலாளருக்கும் தகவல் அனுப்பினார்.

நான்கு மணிக்கு மாநாட்டு அறையில் எல்லோரும் கூடினார்கள். மேலாளர் நடுவில், முடி காதில் விழ, கம்பீரமாக வீற்றிருந்தார். மேசைமேல் அலுவலகத்தின் பழைய ஒலிபெருக்கி இருந்தது. அரசு வாங்கிய பொருள். அதற்கு ஒரே வேகம்தான் தெரியும், ஆரம்பத்திலிருந்துதான் தொடங்கும்.

கண்காணிப்பாளர் எழுந்து நின்றார். "நண்பர்களே, கேட்பது என்பது காதால் செய்யும் வேலை அல்ல," என்று தொடங்கினார். கைதட்டல். "நம் வீட்டுக்குள்ளேயே ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் குரல் நமக்கு அடையாளம் தெரிகிறதா? இதுதான் இந்த நிகழ்ச்சி எழுப்பும் கேள்வி." பலத்த கைதட்டல். பிறகு, ஊருக்குக் கிளம்பும் மனைவியையும் கூப்பிட்டும் காதில் வாங்காத கணவனையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னார்.

தட்டச்சர் அக்கா கையைத் தூக்கினார். "சார், அந்தப் புருஷன் பஸ் ஏறப் போனாரா இல்லையா?"

"அது அடுத்த பாடத்துல வரும்," என்றார் கண்காணிப்பாளர். "ஆனா நிச்சயமா போயிருக்க மாட்டான். கூப்பிடறது காதுல விழுந்தாத்தானே போவான்?"

"அப்படிப்பட்டவனுக்கு என்ன தண்டனை தரலாம்?" என்று மேலாளர் பொதுவாகக் கேட்டார். அவர் ஒவ்வொரு கூட்டத்திலும், எந்த நிகழ்ச்சியானாலும், சரியாக இந்த இடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பது வழக்கம்.

கண்காணிப்பாளர் சற்று யோசித்தார். நீதிபதியின் முகம் அவருக்கு வந்துவிட்டது.

"பெரிசா ஒண்ணும் வேண்டாம் சார். இனிமே அவன் பேசறதை யாரும் கேக்கக்கூடாது. அவன் வாய் வலிக்கப் பேசணும், எதிர்ல இருக்கறவங்க தலையை மட்டும் ஆட்டணும். அது போதும்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பிறகு ஒலிபெருக்கியை இயக்கினார்கள். ஒரு குழந்தை வாயாலேயே போட்ட இசை கொஞ்சம் வந்தது. அதன் பின்னால், யாரும் ஓடாமல், அவசரப்படாமல், ஒரு பெண்குரல் நிதானமாகப் பேசியது:

"வணக்கம். என் பேரு சொல்ல வேண்டாம்னு பாக்கறேன். நான் பல்செட் பண்றவ. குடிநீர் ஆபீஸ்ல புகார்ப் பிரிவு கண்காணிப்பாளரா இருக்காரே, அவரோட சம்சாரம். என்னங்க, இந்த அரை நிமிஷத்தை மட்டும் தாண்டிடாதீங்க. இது உங்களுக்காகத்தான்."

தட்டச்சர் அக்கா கண்காணிப்பாளரைப் பார்த்தார். பிறகு பார்க்காமல் இருக்க முயன்றார். மற்றவர்கள் மேசையின் மர வேலைப்பாட்டை ஆராய்ந்தார்கள். மேலாளர் மட்டும் ஆழமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

கண்காணிப்பாளர் அசையவில்லை. அலமாரி வந்தது. விரல் வந்தது. ரோட்டைக் கடந்த கதை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த வருஷங்களும், புது ஊரும், கேட்காத மாற்றலும் வந்தன. அந்தக் குரலில் ஒரு சின்னக் கரகரப்பு உண்டு என்பதும், வருத்தமான இடங்களில் அவள் சிரிப்பதுபோல் பேசுவாள் என்பதும் அவருக்கு நினைவு வந்தன. அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவர் அவளைக் கட்டிக்கொண்டார். இரட்டை வேகத்தில் அது இல்லாமலே போயிருந்தது. 'அஞ்சரை மணி பஸ்ஸு' என்று ஒலிபெருக்கி சொன்னபோது சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் கதவைத் திறந்து ஓடினார்.

பேருந்து நிலையத்தில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் மனைவி. பக்கத்தில் மகள். மகளுக்குப் பக்கத்து இருக்கையில், யாரும் உட்கார்ந்துவிடாதபடி ஒரு பையை வைத்திருந்தார்கள்.

"அப்பா!" என்றாள் மகள். ஒரே சொல்தான், சாதாரண வேகத்தில் சொன்னாள். அவருக்குக் கேட்டது.

மனைவி ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் தள்ளினார். "கேட்டீங்களா?"

"கேட்டேன்." மூச்சு வாங்கியது, தப்பான முறையிலேயே வாங்கியது.

"அரை நிமிஷத்தையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான். சாதாரண வேகத்துல."

மனைவியின் முகம் இளகியது. அந்தச் சிரிப்பு, இருக்கும் இடம் தெரியாமல் வந்து எட்டிப்பார்த்தது. "அப்ப நான் என்ன சொன்னேன்? உங்க வாயாலயே சொல்லுங்க, கேக்கறேன்."

இந்த இடத்தில் சாதாரண மனிதர்கள், அதாவது எதையும் கற்காதவர்கள், பேருந்தில் ஏறியிருப்பார்கள். கண்காணிப்பாளர் கற்றவர். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதுல மூணு முக்கியமான கருத்து இருக்கு. முதலாவதா, பேசறவங்க பிரச்சினையை ரொம்ப அழகா முன்வைக்கிறாங்க. ரெண்டாவதா, அந்த அலமாரி உவமை..."

மகள் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள்.

"கருத்து கிடக்கட்டும்ங்க," என்றார் மனைவி. குரல் தணிந்திருந்தது, அதில் கெஞ்சல்கூட இருந்தது. "வண்டி எடுக்கப் போறாங்க. பையை எடுத்து மடியில வச்சிக்கறேன். ஏறுறீங்களா? மாற்றல் எப்பக் கேக்கப் போறீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

ஏறுகிறேன் என்றுதான் சொல்ல நினைத்தார். திங்கட்கிழமையே கேட்கிறேன் என்று சொல்ல நினைத்தார். மனம் முழுக்க அந்த இரண்டு வாக்கியங்கள்தான் இருந்தன. ஆனால் வாய் என்பது பழக்கத்துக்கு அடிமை. இத்தனை நாளும் அது பழகியது வேறு. கேள்வி வந்ததும் கண் தானாக மூடித் திறந்தது.

"நல்ல கேள்வி," என்றது வாய். "அது அடுத்த பாடத்துல வரும்."

சொல்லி முடித்ததும் அவரே தன் வாயைப் பொத்திக்கொண்டார். "இல்ல இல்ல, நான் சொல்ல வந்தது..." என்பதற்குள் நடத்துனர் விசில் ஊதினார். மனைவி கண்ணாடியை இழுத்துச் சாத்தினார். மகள் கையசைத்தாளா, கண்ணைத் துடைத்தாளா என்று புழுதியில் தெரியவில்லை. பையும் ஒரு டிக்கெட்டோடு சொகுசாக ஊர் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை கண்காணிப்பாளர் காதில் எதுவும் இல்லாமல் அலுவலகம் வந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் அவர் கேட்டது குழாய் சொட்டுவதை மட்டும்தான். ஜன்னலைத் திறந்ததும் சலவைக் கடைக்காரர் வந்தார். இம்முறை கண்காணிப்பாளர் குறுக்கே பேசாமல், விரலைத் தூக்காமல், முழுவதையும் கேட்டார். எந்தத் தெரு, எந்த முனை, எப்போதிருந்து வரவில்லை என்று திருப்பிக் கேட்டார். உடனே ஆள் அனுப்பச் சொன்னார்.

சலவைக் கடைக்காரருக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை.

"என்ன சார் இன்னிக்கு இப்படி? தலையே ஆட்ட மாட்டேங்கறீங்க. பெருமூச்சும் விடல. ஏதோ போலீஸ் மாதிரி கேள்வி கேக்கறீங்க," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், நேராக மாடியேறி, கண்காணிப்பாளர் தன்னைச் சரியாகக் 'கவனிக்கவில்லை' என்று மேலாளரிடம் முறையிட்டார். நெடுங்காலத்துக்குப் பிறகு அந்த அலுவலகத்துக்கு வந்த முதல் அதிருப்தி அது.

கண்காணிப்பாளர் அதைப் பொருட்படுத்தவில்லை. மாற்றல் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவரும் மாடியேறினார். மேலாளரின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எதையும் தாண்டவில்லை, எதையும் வேகப்படுத்தவில்லை. பல்செட்டிலிருந்து ஆரம்பித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் இருந்ததையும், குழந்தை தன்னிடம் பேச மூச்சு முட்ட ஓடியதையும், பையை வைத்து இடம் பிடித்திருந்ததையும் சொன்னார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் யாரிடமோ மனம்விட்டுப் பேசினார். பேசப் பேச அழுகை வந்தது.

"என் வாயாலயே கெடுத்துக்கிட்டேன் சார். அந்த ஊர்க் கிளையில ஒரு இடம் காலியா இருக்காம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா இன்னிக்குச் சாயங்காலமே பஸ் ஏறிடுவேன். நேர்ல போய், கருத்து எதுவும் சொல்லாம, அவ சொல்றதைக் கேக்கணும் சார்."

மேலாளர் புருவத்தை உயர்த்தினார். கன்னத்தில் கைவைத்தார். நெஞ்சு நிறையப் பெருமூச்சு விட்டார். மெல்ல, ஆழமாகத் தலையாட்டினார்.

"ரொம்ப முக்கியமான கருத்து," என்றார்.

கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. "அப்ப மாற்றல் கிடைக்குமா சார்?"

மேலாளர் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒரு நிமிஷம்," என்றபடி, காதை மறைத்திருந்த முடியை ஒதுக்கி, உள்ளே இருந்ததை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டார். "தேனீ முடியப்போகுது."

கண்காணிப்பாளருக்கு ஆசிரியர் என்று ஒருவரும் கிடையாது என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். மேலாளருக்கு இருந்தார்.